காருக்கு ரிமோட் பூட்டும் ரிமோட் ஸ்டார்ட்டும்: பணம் கொடுக்குமுன் கவனிக்க வேண்டியவை

நமது வணிகர்களில் கார் வைத்திருப்பவர்கள் சில ஆண்டுகளாக நம்மிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "கடையில் உட்கார்ந்தபடியே பட்டனை அழுத்தினால் வண்டி தானாக ஸ்டார்ட் ஆகி ஏ.சி. ஓடுமாமே? நம்ம வண்டிக்கும் போடலாமா?" சேலம், நாமக்கல் வெயிலை அறிந்தவர்களுக்கு இந்த ஆசையில் தவறு இருப்பதாகத் தோன்றாது. சித்திரை மாதத்தில் லீ பஜாரில் சரக்கு பார்த்துவிட்டு நண்பகலில் காரில் ஏறினால் ஸ்டியரிங்கில் கை வைக்க முடிவதில்லை. அதனால் கார் அலங்காரப் பொருள் விற்கும் கடைகளில் இந்தச் சாமானுக்கு நல்ல வியாபாரம்.

நாம் பருப்பு, தானிய மொத்த வியாபாரம் செய்பவர்கள். மோட்டார் படித்தவர்கள் அல்ல. ஆனாலும் நாற்பது ஆண்டுகளாகக் காரும் சரக்கு வண்டியும் வைத்திருந்து, ஒவ்வொரு பட்டறையிலும் எலக்ட்ரீஷியன் பக்கத்தில் நின்று "இது எதற்கு, அது எதற்கு" என்று கேட்டுப் பழகியவர்கள். கேட்டுத் தெரிந்துகொண்டதை நமது உறுப்பினர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கடைக்காரர் "ரிமோட் செட்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நான்கு தனித்தனிச் சாமான்கள் இருக்கின்றன. ஒன்று சென்ட்ரல் லாக். பட்டனை அழுத்தினால் எல்லாக் கதவும் பூட்டும், திறக்கும். இரண்டாவது அலாரம். கதவை யாராவது நெம்பினாலோ கண்ணாடியைத் தட்டினாலோ கத்தும். மூன்றாவது, சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் வகை; இதனுடன் சாவித் துளைக்குப் பதிலாக அழுத்தும் பட்டனும் வரும். நான்காவதுதான் ரிமோட் ஸ்டார்ட். வண்டியில் யாரும் இல்லாதபோதே இன்ஜினை ஓட வைப்பது. இந்த நான்கில் முதலாவது நமக்கு அவசியமானது. இரண்டாவது ஓரளவு பயன்படும். மூன்றாவதில் கவனம் வேண்டும். நான்காவதை, கியர் மாற்றி ஓட்டும் வண்டிக்கு வெளியிலிருந்து வாங்கிப் போடவே கூடாது என்பது நமது உறுதியான கருத்து. காரணங்களைக் கீழே விவரமாகச் சொல்கிறோம்.

கியர் வண்டியும் ரிமோட் ஸ்டார்ட்டும்

ரிமோட் ஸ்டார்ட் என்ற சாமான் பனி கொட்டும் நாடுகளில் பெருகியது. கனடாவிலும் அமெரிக்காவின் வட பகுதிகளிலும் குளிர்காலக் காலையில் இன்ஜினைச் சூடேற்றவும் கண்ணாடியில் உறைந்த பனியை உருக்கவும் வீட்டுக்குள்ளிருந்தே வண்டியை ஓட விடுவார்கள். அங்குள்ள கார்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக் கியர் கொண்டவை. நிறுத்தும்போது லீவரைப் 'பார்க்' என்ற இடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த நிலையில் இன்ஜின் ஓடினாலும் சக்கரம் அசையாது. சாமானைச் செய்தவன் அந்த வண்டியை மனதில் வைத்தே செய்தான்.

நம் ஊரில் நிலைமை வேறு. நம்மவர்கள் வைத்திருக்கும் கார்களில் பெரும்பாலானவை இன்றும் கிளட்ச் மிதித்துக் கியர் மாற்றும் வண்டிகள். டிரைவிங் ஸ்கூலிலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள், சரிவில் நிறுத்தினால் கியரில் போட்டு நிறுத்து என்று. ஏற்காடு போய்வருபவர்களுக்கு இது கைப்பழக்கமாகவே ஆகிவிட்டது. கியரில் நிற்கும் வண்டிக்கு ஸ்டார்ட்டர் மோட்டார் சுழன்றால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வண்டி முன்னால் பாயும். இன்ஜின் பிடித்துக்கொண்டால் தொடர்ந்து ஓடும். உள்ளே பிரேக் மிதிக்க ஆள் கிடையாது.

செவ்வாய்பேட்டையில் நமக்குத் தெரிந்த சர்க்கரை வியாபாரி ஒருவர் இந்தச் சாமானைப் போட்டிருந்தார். அன்று மருமகன் வண்டியை வெளியே எடுத்துப் போய்வந்து, கடை வாசலில் ஒன்றாம் கியரில் நிறுத்தியிருக்கிறார். மாமனார் வழக்கம்போல் கல்லாவில் இருந்தபடி பட்டனை அழுத்தினார். வண்டி இரண்டடி பாய்ந்து, இறக்கி வைத்திருந்த மூட்டை அடுக்கில் இடித்து நின்றது. சற்று முன்புவரை சுமை தூக்கும் தொழிலாளர்கள் இருவர் அந்த இடத்தில்தான் குனிந்து மூட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தது. முதல் கியரின் இழுப்பை அது தாங்கவில்லை.

இந்த ஆபத்து சாமான் செய்பவர்களுக்கும் தெரியும். அதனால் நல்ல கம்பெனிகள் கியர் வண்டிக்கென்று ஒரு முறை வைத்திருக்கின்றன. நிறுத்தும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு ஓட்டுநர் இறங்க வேண்டும். எல்லாக் கதவும் மூடிப் பூட்டிய பிறகு பெட்டி தானாக இன்ஜினை நிறுத்தும். ஆள் இறங்கிய பிறகும் இன்ஜின் ஓடியது என்றால் வண்டி நியூட்ரலில்தான் இருக்கிறது என்பது அதன் கணக்கு. பிறகு எந்தக் கதவு திறந்தாலும் அந்தக் கணக்கு ரத்தாகும். மறுபடி ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகாது. நல்ல யோசனைதான். ஆனால் இது நான்கு கதவு சுவிட்சுகளையும் நம்பியிருக்கிறது. தூசியிலும் மழைநீரிலும் ஒரு சுவிட்ச் கெட்டுப்போனால், அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்க் கியரை மாற்றியவரைப் பெட்டி அறியாது. மேலும் நம் ஊரில் பல இடங்களில் கதவு சுவிட்ச் ஒயரையும் ஹேண்ட் பிரேக் ஒயரையும் இணைக்காமல், "அதெல்லாம் வேண்டாங்க, நேரமாகும்" என்று சொல்லி நேரடியாகப் போட்டுவிடுகிறார்கள். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி கம்பெனி வைத்திருக்கும் சுவிட்சையும் அடைத்துவிடுகிறார்கள். கார் கம்பெனி வைத்த காவல் ஒவ்வொன்றாக எடுபட்டுப் போகிறது.

இதில் சட்டமும் இருக்கிறது. பலருக்கும் இது தெரியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வண்டியைப் பற்றிச் சொல்கிறது. ஓட்டுநர் இருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இயந்திரத்தை நிறுத்திப் பிரேக் போட்டு, ஆள் இல்லாத நேரத்தில் வண்டி தற்செயலாக நகராதபடி செய்திருக்க வேண்டும். ஆக, கடை வீதியில் ஆளில்லாத காரை ஓட விடுவதே இந்தப் பிரிவுக்கு ஒத்துவராது. பொதுவான அபராதம் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் தடவை 500 ரூபாய் வரைதான். ஆனால் அந்த வண்டி நகர்ந்து ஒருவருக்குக் கால் போனால் கேள்வி 500 ரூபாயோடு நிற்காது. சட்டத்தை மீறி நிறுத்தியிருந்த வண்டி என்று எதிர்த்தரப்பு வக்கீல் எடுத்துக்காட்டுவார்.

வீட்டுக் கொட்டகைக்குள்தானே போடுகிறோம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மூடிய ஷெட்டில் ஓடும் இன்ஜின் கார்பன் மோனாக்சைடு வாயுவை நிரப்பும். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. அமெரிக்காவில் பட்டன் ஸ்டார்ட் கார்களை அணைக்க மறந்து, வீட்டோடு சேர்ந்த கராஜிலிருந்து வாயு பரவித் தூக்கத்திலேயே இறந்தவர்கள் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் மேலே வீடும் கீழே ஷெட்டுமாகக் கட்டுவது வழக்கம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டி வைத்திருப்பவர்கள், கம்பெனியே ரிமோட் ஸ்டார்ட் வைத்துக் கொடுத்த மாடலாக வாங்கினால் அது தனி விஷயம். அதில் கியர், கதவு, பானெட் எல்லாவற்றையும் வண்டியின் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது. நாம் பேசுவது வெளியில் வாங்கி ஒயரை வெட்டிப் பொருத்தும் சாமானைப் பற்றி.

வெயிலுக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஏறுவதற்கு முன் எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை இறக்கிவிட்டு, கதவை நான்கைந்து தடவை விசிறினாலே உள்ளே அடைந்த அனல் பாதிக்கு மேல் வெளியேறும். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு மறைப்பு வைத்தால் ஸ்டியரிங் சுடுவது குறையும். சில கார்களில் கம்பெனி ரிமோட்டின் திறக்கும் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கண்ணாடிகள் தானாக இறங்கும். அந்த வசதி தன் வண்டியில் இருப்பது தெரியாமலே பலர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்டியுடன் வந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கலாம். செலவில்லை.

டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைக்கும் சாவி

இன்றைய கார்ச் சாவியின் தலைப்பகுதிக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. சாவித் துளையைச் சுற்றியுள்ள சுருள் அதனிடம் ஒரு கேள்வி கேட்கும். சரியான பதில் வந்தால்தான் கம்ப்யூட்டர் இன்ஜினை ஓட விடும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். கள்ளச் சாவி போட்டுத் திருகினாலும் வண்டி ஓடாததற்கு இதுதான் காரணம். கார் திருட்டைத் தடுப்பதில் இதற்கு நிகரான பொருள் கிடையாது.

ரிமோட் ஸ்டார்ட் போடும்போது சாவி துளையில் இருக்காது. அப்படியானால் இம்மொபிலைசரை எப்படிச் சமாளிப்பது? நமது பட்டறைகளில் செய்யும் எளிய வழி, உங்கள் இரண்டாவது சாவியை வாங்கி, அதிலிருந்து சில்லை எடுத்தோ, அப்படியே சாவியாகவோ, டேஷ்போர்டுக்குள் துளைக்கு அருகில் வைத்துக் கட்டிவிடுவது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை சாவி எப்போதும் வண்டியிலேயே இருக்கிறது. அதாவது, கம்பெனி வைத்த நல்ல பூட்டைத் திறந்தே வைத்துவிட்டு, அதன்மேல் சில ஆயிரம் ரூபாய்க்கு ஒரு பொம்மைப் பூட்டைப் போடுகிறோம். பெட்டகத்துக்குள்ளேயே பெட்டகச் சாவியைத் தொங்கவிடும் கணக்குப்பிள்ளையை நாம் வேலைக்கு வைத்துக்கொள்வோமா?

மற்றொரு சிக்கல் இன்சூரன்ஸ். கார் திருட்டுப் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது எஃப்.ஐ.ஆர். நகலும் ஆர்.சி. புத்தகமும் சாவிகளும். வண்டி வாங்கும்போது கொடுத்த இரண்டு சாவியையும் கொண்டு வா என்பார்கள். ஒன்று டேஷ்போர்டுக்குள் போய்விட்டது என்றால், சாவியை வண்டியிலேயே விட்டு அஜாக்கிரதையாக இருந்தீர் என்ற வாதம் எழும். தொகை குறையலாம், கேஸ் வருடக்கணக்கில் இழுக்கலாம். ஏற்கெனவே இப்படிப் போட்டிருப்பவர்கள் சாவியை வெளியே எடுக்கச் சொல்லி, ரிமோட் ஸ்டார்ட் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பூட்டை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடலாம். புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற திருட்டுத் தடுப்புச் சாதனம் பொருத்தினால் பிரீமியத்தில் சலுகை உண்டு. பழைய டேரிஃப் விதியில் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் என்று இருந்தது. வாங்கும் சாமானுக்கு அந்த ஒப்புதல் சான்று இருக்கிறதா என்று கேட்டாலே பாதிக் கடைக்காரர்கள் வேறு பெட்டியைக் காட்டத் தொடங்குவார்கள். சலுகைத் தொகை சிறிதுதான். ஆனால் தரத்தைக் கண்டறிய அது ஒரு நல்ல கேள்வி.

செக் புத்தகமும் ரிமோட்டும்

இப்போது அவசியமான சாமானுக்கு வருவோம். சென்ட்ரல் லாக் இல்லாத அடிப்படை மாடல் கார்களும் வேன்களும் நம்மிடம் நிறைய உள்ளன. 2019இல் தயாரிப்பு நின்றுபோன ஆம்னி இன்றும் பல கடைகளுக்குச் சரக்கு கொண்டு வருகிறது. வசூலுக்குப் போகும் வண்டியில் நான்கு கதவும் பூட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. ராசிபுரம், ஆத்தூர் என்று ஒரே நாளில் பத்துக் கடை ஏறி இறங்கும்போது ஒன்பதாவது கடையில் பின் கதவு திறந்தே கிடக்கும். இதற்கு ரிமோட் பூட்டு உண்மையிலேயே உதவும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது மாறும் குறியீடா, மாறாத குறியீடா?" என்பது. வணிகர்களுக்கு இதைச் செக் புத்தகத்தை வைத்து எளிதாக விளக்கலாம். பழைய, மலிவான ரிமோட்டுகள் ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைத்தான் காற்றில் அனுப்பும். பக்கத்தில் ஒரு சிறு கருவியுடன் நிற்பவன் அந்த எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டால், நீங்கள் போன பிறகு அதையே அனுப்பிக் கதவைத் திறக்கலாம். மாறும் குறியீடு செக் இலை போன்றது. ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு புதிய இலை. ஒருமுறை பணமான செக்கை யார் நகலெடுத்துக் கொண்டுவந்தாலும் பேங்க் கொடுக்காது. குழந்தை கையில் ரிமோட் கிடைத்து வீட்டுக்குள் பத்துத் தடவை அழுத்திவிட்டால்? பத்து இலை கிழிந்துபோனாலும் பதினோராவது இலையைப் பேங்க் வாங்கிக்கொள்வது போல, வண்டியும் கொஞ்சம் முன்னால் போன எண்ணை ஏற்றுக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள்.

இந்த முறையில் பெயர் பெற்றது கீலாக் என்பது. 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி இதை வாங்கியது. உலகெங்கும் கோடிக்கணக்கான ரிமோட்டுகளில் இது ஏறிவிட்டது. 2007இல் பெல்ஜியம், இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் இதையும் உடைக்க முடியும் என்று காட்டினார்கள். ஆகவே எதுவும் முழுப் பாதுகாப்பு அல்ல. ஆனாலும் தெருவில் திரியும் சாதாரணத் திருடனுக்கு மாறாத குறியீடு திறந்த கதவு, மாறும் குறியீடு பூட்டிய கதவு என்பதில் சந்தேகமில்லை.

கடைக்காரர் "எல்லாம் லேட்டஸ்ட்தாங்க" என்பார். சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேட்டுக்கும் மோட்டார் ஷட்டருக்கும் நகல் ரிமோட் செய்து கொடுக்கும் ஆட்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். காலி ரிமோட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து அசல் ரிமோட்டை அழுத்தினால் அது கற்றுக்கொள்ளும். உங்கள் கார் ரிமோட்டை அப்படி நகல் எடுக்கச் சொல்லுங்கள். நகல் ரிமோட் காரைத் திறந்துவிட்டால் அது மாறாத குறியீடு. சாமானைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்த இடத்தில் நமது உறுப்பினர்கள் தங்கள் கடை ஷட்டரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் ஷட்டர் போட்டவர்களில் பலர் பத்து நிமிடத்தில் இரண்டு நகல் எடுத்துப் பையன்களிடம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு எளிதாக நகல் எடுக்க முடிந்த ரிமோட்டை வேலையை விட்டுப்போன பையனும் எடுத்திருக்க முடியும். காரில் இருப்பதைவிட ஷட்டருக்குப் பின்னால் இருக்கும் சரக்கு பெரிது. ஷட்டரின் அடியில் சாதாரணத் திண்டுக்கல் பூட்டு ஒன்றைக் கூடுதலாகப் போடுவதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

ரிமோட்டைத் தடுத்து ஏமாற்றுவதும் உண்டு. நீங்கள் பட்டனை அழுத்தும் நேரத்தில் அதே அலைவரிசையில் இரைச்சலை அனுப்பினால் வண்டிக்குச் செய்தி போய்ச் சேராது. பூட்டிவிட்டோம் என்று நினைத்து நடந்துவிடுவோம். 2015இல் அமெரிக்காவில் ஒருவர், இப்படித் தடுத்துக்கொண்டே பயன்படுத்தாத செக் இலையைத் திருடி வைத்துக்கொள்ளும் சிறு கருவியைச் செய்தே காட்டினார். இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். பட்டனை அழுத்தியபின் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இண்டிகேட்டர் மின்னியதா என்றும் பார்க்க வேண்டும். நடந்துகொண்டே தோளுக்குப் பின்னால் பட்டனை அழுத்துவது சினிமாவுக்குச் சரி.

பையிலிருந்து எடுக்காமலே திறக்கும் வகைச் சாவியில் இன்னொரு வழி இருக்கிறது. ஒருவன் வீட்டு வாசலில் சாவிக்கு அருகிலும் மற்றவன் காருக்கு அருகிலும் நின்று, இரண்டுக்கும் நடுவே அலையை நீட்டிக் கொடுத்தால், சாவி பக்கத்தில் இருப்பதாகவே கார் நம்பிக்கொள்ளும். 2011இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் எட்டுக் கம்பெனிகளின் பத்து மாடல்களில் சோதித்தார்கள், பத்தும் திறந்தன. ஆகவே இந்த வகையை வெளியில் வாங்கிப் பொருத்த நாம் சிபாரிசு செய்யவில்லை. கம்பெனியே கொடுத்திருந்தால், இரவில் சாவியை வாசல் பக்க ஆணியில் மாட்டாமல் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் வைக்கலாம். டப்பாவோடு காரிடம் போய்க் கதவு திறக்கிறதா என்று பார்த்தால் டப்பாவின் யோக்கியதை தெரிந்துவிடும்.

அலாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிர்வு அளவைத் திருகி வைக்கும் வசதி இருக்க வேண்டும். லாரி போனாலே கத்தும் அலாரத்தை இரண்டாம் வாரத்தில் நாமே அணைத்து வைத்துவிடுவோம். மேலும், கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்குகிறவனுக்குப் பத்து வினாடி போதும். வசூல் பணத்தைக் காரில் விட்டுச் செல்ல எந்த ரிமோட்டும் அனுமதி தரவில்லை.

பொருத்தும் இடத்தில்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பகுதிகளில் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் ஒயரிங் செய்யும் எலக்ட்ரீஷியன்கள் கைதேர்ந்தவர்கள். லாரி கூண்டு கட்டுவதில் நாமக்கல்லுக்கு உள்ள பெயர் நாடறிந்தது. ஆனால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். பெரிய லாரிகள் 24 வோல்ட். கார், டாடா ஏஸ், தோஸ்த், பொலிரோ பிக்கப் போன்றவை 12 வோல்ட். காருக்கான பெட்டியை 24 வோல்ட் லாரிக்கு மாட்டினால் புகை வரும். லாரிக்கும் ரிமோட் பூட்டு வேண்டுமென்றால் 24 வோல்ட் என்று அச்சிட்ட பெட்டியாகவே கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, லாரியில் எந்த ஒயரில் கரண்ட் வருகிறது என்று பல்பு வைத்துப் பார்ப்பது வழக்கம். இன்றைய காரில் அது ஆகாது. பல்பு இழுக்கும் கரண்ட் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும். ஏர்பேக் ஒயரில் பட்டால் ஏர்பேக்கே வெடித்து விரியலாம். மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். மஞ்சள் நிற உறையோ மஞ்சள் கப்ளரோ உள்ள ஒயர்கள் ஏர்பேக்குக்குரியவை. அவற்றின் பக்கமே கை போகக்கூடாது.

ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றுவதுதான் நம் ஊரின் பெரிய வியாதி. நம் வெயிலுக்கு இரண்டு கோடையில் டேப்பின் பசை உருகி வழிந்துவிடும். பிறகு ஒயர் ஒன்றோடொன்று உரசிப் பியூஸ் போகும். பியூஸே இல்லாமல் இழுத்திருந்தால் தீப்பிடிக்கும். அந்தக் காருக்கென்றே செய்த கப்ளர் உள்ள செட் கிடைத்தால் விலை கூடினாலும் அதையே வாங்கலாம். வெட்டுவது குறையும், ஷோரூமில் வாரண்டி தகராறும் குறையும். புதுக் கார் வைத்திருப்பவர்கள், கார் கம்பெனியே தன் பெயரில் விற்கும் பூட்டுச் செட் தங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று ஷோரூமில் முதலில் விசாரிக்க வேண்டும்.

சரக்கு ஏற்றும் வேனுக்கும் பின்புறம் திறக்கும் காருக்கும் ஐந்து மோட்டார் வேண்டும். கடையில் கொடுக்கும் சாதாரணச் செட்டில் நான்குதான் இருக்கும். ஐந்தாவதைத் தனியாகக் கேட்காவிட்டால் நான்கு கதவும் பூட்டிக்கொள்ள, சரக்கு இருக்கும் பின் கதவு மட்டும் திறந்திருக்கும்.

பேட்டரி விஷயத்தையும் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டி ரிமோட்டுக்காக இரவும் பகலும் காத்திருப்பதால் எப்போதும் சிறிது கரண்ட் குடிக்கும். 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் மணி, 30 நாளைக்கு ஏறக்குறைய 15. சிறிய பெட்ரோல் காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணிதான். அது நான்கு வருடப் பழைய பேட்டரியாகவும் இருந்தால், ஒரு மாதம் ஷெட்டில் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகாது. ரிமோட்டில் கதவும் திறக்காது. அதனால்தான் "சாவித் துளையை மூடிவிடுகிறோம், அழகாக இருக்கும்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்கக் கூடாது. இரும்புச் சாவி போட்டுத் திறக்கும் துளை ஒரு கதவிலாவது இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதில் சாவியைப் போட்டுத் திருகியும் பார்க்க வேண்டும். பயன்படுத்தாத துளை தூசியில் இறுகிவிடும்.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி பல பெட்டிகளில் உண்டு. ரிமோட்டில் திறந்துவிட்டு அரை நிமிடம் கதவைத் தொடாவிட்டால் மறுபடி பூட்டிக்கொள்ளும். சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு, தூங்கும் பேரனை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தும் வீடுகளில் இது மிகவும் ஆபத்து. வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி வரை சூடு ஏறிவிடும். கதவைத் திறந்து மூடினால் இந்தத் தானியங்கிப் பூட்டு வேலை செய்யக்கூடாது. கதவு சுவிட்ச் ஒயரை இணைக்காவிட்டால் பெட்டிக்கு அது தெரியாது. பொருத்தியவரிடம் நேரில் செய்துகாட்டச் சொல்ல வேண்டும்.

பில் கட்டாயம் வாங்க வேண்டும். நாமே கடைக்காரர்கள், பில் இல்லாத சரக்கின் கதி நமக்குத் தெரியும். பில்லில் சாமானின் பெயர், மாடல், வண்டி எண், பொருத்திய தேதி, எத்தனை ரிமோட் கொடுத்தார்கள் என்பவை இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி எடுப்பது சரக்கு வண்டிக்கு ஒரு மாதிரி, சொந்தக் காருக்கு வேறு மாதிரி. அதை ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இந்தப் பில்லின் நகலை அனுப்பி வைப்பது நல்லது.

பணம் கொடுக்குமுன் பட்டறையிலேயே அரை மணி நேரம் செலவிட்டுச் சிலவற்றைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு ரிமோட்டும் வேலை செய்கின்றனவா என்று இருபதடி தள்ளி நின்று பாருங்கள். பெட்டி மேல் எழுதியுள்ள நூறு மீட்டர் தூரம் கடை வீதி நெரிசலில் கிடைக்காது. ஐந்து கதவையும் கையால் இழுத்துப் பாருங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். மாட்டியதும் கதவுகள் தாமாகத் திறந்துகொண்டால் அந்தப் பெட்டி ஆகாது. ரிமோட்டுக்குள் என்ன பேட்டரி என்று பிரித்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் காசு போன்ற 3 வோல்ட் வில்லை, சிலவற்றில் சுண்டு விரல் நுனி அளவுள்ள 12 வோல்ட் உருளை. உருளை வகை எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. ஒன்றை வாங்கிக் கல்லாப் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள்.